இறக்கத்தில் ஆக்சிலேட்டர்

தினக்காலண்டரில் கிழித்த தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆவணி மாதத்து வியாழக்கிழமைத் தாள். முன்பக்கத்தில் ராகு காலம், எமகண்டம், மேஷத்துக்கு அலைச்சல். பின்பக்கத்தில் என் தங்கையின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது:

"மேட்டிலிருந்து தோட்டத்து ஸ்டோர் வரைக்கும் என்னைப் பின்னால் உட்கார வைத்து இந்த வண்டியில் இறக்க வேண்டும். வழியில் நான் பயந்து ஒரு தடவை கண்ணை மூடினாலும் தோட்டத்தை விற்றுவிட வேண்டும். மூடாவிட்டால் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்."

அதன் கீழே அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளையின் கையெழுத்து. அதற்கும் கீழே, சாட்சி என்ற இடத்தில், என்னுடையது.

தேதி போடாமல் கையெழுத்து வைத்தது என் பிழை. தாளில் வியாழன் என்று இருப்பதால் ஒப்பந்தம் எழுதியது வியாழக்கிழமைதான் என்று மாப்பிள்ளை இன்றும் சொல்கிறார். ஆனால் தங்கை வீட்டில் முந்தின நாள் தாளை மறுநாள் காலையில்தான் கிழிப்பார்கள். வியாழக்கிழமைத் தாள் எழுதுவதற்குக் கிடைத்திருந்தால் அன்று குறைந்தது வெள்ளிக்கிழமையாக இருந்திருக்க வேண்டும். என் குறிப்பேட்டிலும் வெள்ளி மாலைக்கு நேராக "தங்கை வீடு. வாழைக்காய் பஜ்ஜி. சாட்சிக் கையெழுத்து" என்று இருக்கிறது. ஆகவே வெள்ளி. ஆண்டை மட்டும் எழுத வேண்டாம் என்று தங்கை கேட்டுக்கொண்டாள். அதை வைத்து வண்டி விற்ற கடைக்காரரை ஊரில் கண்டுபிடித்துவிடுவார்களாம்.

காமயகவுண்டன்பட்டியில் அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. அது மாப்பிள்ளைக்குத் தானாக வந்தது. கம்பம்மெட்டுக்கு மேலே, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏலத்தோட்டம் அப்படியல்ல. அவரே பார்த்து, அவரே வாங்கி, ஒவ்வொரு தூராக நின்று வைத்தது. திராட்சையைப் பற்றிக் கேட்டால் விலை சொல்வார். ஏலத்தைப் பற்றிக் கேட்டால் நேற்று எந்தத் தூரில் பூ விட்டிருக்கிறது என்று சொல்வார். ஜீப் மேட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து காய் உலர்த்தும் ஸ்டோருக்குச் செங்குத்தாக ஒரு பாதை இறங்குகிறது. நடுவில் ஓரிடத்துக்குச் சறுக்கு என்றே பெயர். அது பெயர்தான், வர்ணனை அல்ல என்று நினைத்து இறங்குகிறவர்கள் உட்கார்ந்தபடி கீழே போய்ச் சேர்வார்கள்.

மாப்பிள்ளைக்கு இடது முழங்காலை மாற்றி வைத்த பிறகு, ஏற்றம் பரவாயில்லை, இறக்கம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அதைக் கம்பம் டவுனுக்கான அறிவுரையாக எடுத்துக்கொண்டார். அந்தச் சித்திரையில் தடியை ஊன்றித் தனியாக இறங்கி, சறுக்கில் விழுந்து, ஏலத்தூர்களுக்கு நடுவே மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் தமிழ்நாட்டு டவரும் எடுக்காது, கேரளத்து டவரும் எடுக்காது. தங்கை கீழே வீட்டில் இருந்துகொண்டு முப்பத்தோரு தடவை போன் போட்டாள். அந்த எண்ணிக்கை அவள் போனிலிருந்து நானே எடுத்தது.

அன்றிலிருந்து அவள் சொன்னது ஒன்றுதான். "வித்துருவோம். திராட்சைக் கொடியைப் பார்த்துக்கிட்டு இங்கனயே கிடக்கட்டும்."

மாப்பிள்ளை சொன்னதும் ஒன்றுதான். "நடந்து இறங்குனாத்தான கால் போகுது? உக்காந்து இறங்குறேன்."

இப்படித்தான் நாலு சக்கர பைக் பேச்சுக்குள் வந்தது. ஏடிவி என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். மூணாறு பக்கம் சுற்றுலா வந்தவர்கள் சேற்றில் ஓட்டிவிட்டு அலறுவார்களே, அந்த வண்டி.

எனக்கு வண்டி ஓட்டிய அனுபவம் மொபெட்டோடு முடிந்தது. ஆனால் படிப்பதற்கு லைசென்ஸ் தேவையில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து படித்து, பதினொரு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதியும் நேரமும் உண்டு. அதன் சாரத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். முழுதாகப் படித்தவர் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

செங்குத்தான இறக்கத்தில் வண்டியைப் பிரேக் மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தால் பிரேக் சூடாகி ஓய்ந்துவிடும். சக்கரத்தோடு எஞ்சின் கோத்திருந்தால், உருளப் பார்க்கும் சக்கரத்தை எஞ்சின் பின்னால் இழுத்துப் பிடிக்கும். கோத்திருக்கிறதா என்பதைக் கியர்பெட்டியின் வகை தீர்மானிக்கிறது. காலால் கியர் மாற்றி, கையால் கிளட்ச் பிடிக்கும் வகையில் முதல் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டால் போதும், நன்றாகப் பிடிக்கும். கிளட்ச் லீவர் இல்லாமல் கால் கியர் மட்டும் உள்ள வகையும் ஏறக்குறைய அப்படித்தான். கம்ப்யூட்டரே கியர் மாற்றும் வகையும் பிடிக்கும். ஆனால் அது கெட்டால் அதைத் திறந்து பார்க்கத் தேனி ஜில்லாவில் எனக்குத் தெரிந்து ஆள் இல்லை. நாலாவது, ஹை, லோ என்ற இரண்டு நிலை தவிர மாற்றக் கியரே இல்லாத பெல்ட் வகை. இதில் எஞ்சின் வேகம் குறைந்தால் பெல்ட் தளர்ந்து, எஞ்சின் வேறு சக்கரம் வேறு என்று ஆகிவிடும். அப்போது வண்டி உருட்டிவிட்ட பூசணிக்காய். சில கம்பெனிகள் இதைத் தடுக்க உள்ளே ஒரு பக்கம் மட்டும் சுற்றும் பேரிங் ஒன்றை வைக்கின்றன, சில வைப்பதில்லை. பேரிங் இல்லாத வண்டியை லோ கியரில் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இறங்க வேண்டும். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தால்தான் பெல்ட் பிடித்திருக்கும். இது ஒன்பதாம் பக்கம்.

என் பரிந்துரை முதல் வகை. மாப்பிள்ளை அறிக்கையை வாங்கி, கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

"மச்சான், கியரை எந்தக் காலால போடணும்?"

"இடது காலால."

அறிக்கையை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். புது முழங்கால் இடது என்பதைப் பதினொரு பக்கத்தில் ஓரிடத்திலும் நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஆகப் பெல்ட் வண்டி என்று முடிவாயிற்று. தேனி பஜாரில் மருந்தடிக்கும் மெஷினும் புல் வெட்டும் மெஷினும் விற்கும் கடை வாசலில் அது நின்றது. பின்னால் இன்னொருவர் உட்காரச் சீட்டும் பிடிக்கக் கம்பியும் இருந்தன. கடைக்காரர், "எல்லாம் ஆட்டோமேட்டிக் சார், உக்காந்தாப் போதும்" என்றார். நான் அந்த ஒருபக்கப் பேரிங்கைப் பற்றிக் கேட்டேன்.

"இருக்கும் சார்."

"இருக்கா?"

"கம்பெனிக்காரன் இல்லாமலா விடுவான்? எதுக்கு சார் பயப்படுறீக, பிரேக்தான் நாலு சக்கரத்துக்கும் இருக்குல்ல."

முன்னால் சொன்ன தாளில் அந்த வெள்ளிக்கிழமை கையெழுத்தானதும் வண்டி மினி லாரியில் மேடு ஏறியது. அடுத்து நடந்தது புரிய, எங்கள் பள்ளத்தாக்கு ஆண்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கம்பம்மெட்டு உச்சியிலிருந்து கீழே வரும்போது இவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் போட்டு, கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையையும் காற்றுச் சத்தத்தோடு இறங்குவார்கள். இறக்கத்தில் டீசல் எரிப்பதை எச்சில் கையால் பரிமாறுவதைப் போன்ற ஒழுங்கீனமாக நினைப்பார்கள். மலை முடிந்த பிறகு எஞ்சின் போடாமல் வண்டி எதுவரை உருண்டது என்பது அவரவர் பெருமை. கல்யாண வீட்டில் மணமக்கள் மேடையில் நிற்க, பந்தியில் இதைத்தான் பேசுவார்கள். மாப்பிள்ளையின் ஜீப் ஒரு தடவை அடிவாரத்துத் தென்னந்தோப்பையும் தாண்டி உருண்டதாம். அது எந்த மாதம் என்று நான் மூன்று தடவை கேட்டு மூன்று விடை வாங்கியிருக்கிறேன்.

அந்தச் சாதனையை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள், தோட்ட வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். கம்பத்துக்காரர். மேட்டுக்கு அந்தப் பக்கமே பாதி வாழ்க்கை போனதால் பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். முதல் ஒத்திகை அன்று, தங்கைக்குச் சொல்லாமல் நாங்கள் மூவர்தான் மேட்டில் இருந்தோம்.

மாப்பிள்ளை லோ கியரில் போட்டார். மெதுவாகத் தொடங்கினார். சறுக்கு தொடங்கும் இடத்துக்கு வந்ததும் முப்பது வருடப் பழக்கம் அவர் வலது கட்டைவிரலை ஆக்சிலேட்டர் லீவரிலிருந்து எடுத்தது. எஞ்சின் சத்தம் அடங்கியது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது இனிமையான சத்தம். மாப்பிள்ளையின் தோள் இரண்டும் தளர்ந்து நிம்மதியானதை நான் மேலிருந்தே பார்த்தேன். அதற்கு அடுத்த நொடி வண்டி அவரைக் கேட்காமல் கிளம்பிவிட்டது. பிரேக்கை நெரித்துக்கொண்டே போய், பாதையை விட்டு விலகி, ஏலத்தூர் ஒன்றின் மேல் ஏறி நின்றார். காலுக்கு ஒன்றுமில்லை. பிரேக்கிலிருந்து பொசுங்கல் வாடை வந்தது.

டிரைவர் இறங்கிப் போய் முதலில் செடியைத்தான் பார்த்தார். "சாரமில்ல முதலாளி, ஒண்ணும் ஆகல, தூர் பிழைச்சிரும். தென்னந்தோப்பு வரைக்கும் உருண்டது இந்த வண்டிதானா?"

"போடா. வண்டியில கோளாறு. விரலை எடுத்தா நிக்கணும்ல, ஓடுது."

ஒன்பதாம் பக்கத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டே இறங்க வேண்டும் என்ற வரி வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனையோ வருடமாக ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத இருவரை என் அறிக்கை அன்று ஒன்று சேர்த்தது.

"இறக்கத்துல ஆக்சிலேட்டரா?" என்றார் டிரைவர். "ஏத்தத்துல பிரேக் போடச் சொல்லலையா சார் அந்தப் பொஸ்தகம்?"

டவர் கிடைக்கும் வளைவுக்குப் போய்க் கடைக்காரருக்குப் போன் போட்டோம். அவரும் அதையேதான் சொன்னார். பேரிங் இருந்தால் ஆக்சிலேட்டர் எதற்கு என்று கேட்டேன். "இருந்தாலும் கொடுங்க சார், நல்லதுதான்" என்றார். மாப்பிள்ளை போனை வாங்கி, வாடிக்கையாளர் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்தார்.

பிறகு கருத்துகள் வந்தன. மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த சித்தப்பா ஒருவர், பின்னால் ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டே இறங்கலாம் என்றார். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சம்பந்தி வீட்டுக்காரர், ஜெபம் பண்ணிவிட்டு இறங்கச் சொன்னார். ஒரு வாரம் மாப்பிள்ளை வண்டியை மேட்டின் சமதளத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினார். சமதளத்தில் அவர் மிக நன்றாக ஓட்டினார். எல்லாரும் பாராட்டினோம்.

ஒப்பந்தப்படி தங்கையை அழைத்துப் போன நாள் புரட்டாசியில் ஒரு புதன்கிழமை. மேட்டிலிருந்து கிளம்பியபோது காலை மணி பத்து இருபது. அவள் சேலை மேல் மழைக்கோட்டு மாட்டி, கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட்டைப் போட்டு, பின்சீட்டில் நேராக உட்கார்ந்தாள். மாப்பிள்ளை தன் ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தார். மூக்குக் கண்ணாடி மேல் இடிக்கிறதாம். நான் சாட்சி என்பதால் மேட்டில் நின்றேன். டிரைவர் சறுக்குக்குக் கீழே வளைவில் நின்றார்.

"விரலை எடுக்காதீக மாப்பிள்ளை," என்றேன்.

"எடுக்கல மச்சான். சத்தியமா எடுக்கல."

அந்தச் சத்தியத்தை அவர் மனமாரச் செய்தார் என்றே நம்புகிறேன். பாதித் தூரம் வரைக்கும் எஞ்சின் சீராக உறுமியது. தங்கையின் முதுகு அசையவில்லை. தோட்டம் பிழைத்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதப் பேனாவைத் திறந்தேன். சறுக்கு வந்தது. சத்தம் அடங்கியது.

இந்தத் தடவை பாதையை விட்டு விலகவில்லை. பிரேக்கை நெரித்து, கல்லில் துள்ளி, பலா மரத்தடியில் இருக்கும் சின்னச் சமதளத்தில் எப்படியோ நிறுத்தினார். நான் நடந்தும், சில இடங்களில் பெயருக்கேற்றபடியும், அவர்களிடம் போய்ச் சேர்ந்தபோது இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் ஸ்டோர் கூரை தெரியும், அதற்கு இப்பால் அவர் வைத்த தூர்கள் முழுதும் தெரியும்.

"எடுத்துட்டீகளா?" என்றாள் தங்கை.

"அதுவா வந்துருச்சு."

"விரலு அதுவா வருமாக்கும்."

"சரி. நீ சொல்லு. மூடுனியா?"

அவள் இறங்கினாள். "முன்னாடியிருந்து எறங்குங்க."

"எதுக்கு?"

"எறங்குங்கன்னா எறங்குங்க. பின்னாடி உக்காருங்க. கம்பியைப் பிடிச்சுக்கங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தடுத்தேன், என் அறிக்கையை நினைவூட்டினேன். அவள் என்னைப் பேச விடவில்லை.

"அண்ணே, பன்னெண்டு வருசமா நான் ஓட்டுறது என்ன வண்டி?"

"ஸ்கூட்டர்."

"அதுல கியர் இருக்கா?"

இல்லை. ஊரில் உள்ள அத்தனை ஸ்கூட்டரிலும் உள்ளே ஓடுவது இதே பெல்ட்தான். இது என் அறிக்கையில் நாலாம் பக்கத்தில் வருகிறது. படித்து, எழுதி, தேதியும் போட்டிருந்தேன். ஆனால் தெருவில் தினமும் நான் பார்க்கும் வண்டியோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. பெண்கள் வண்டி என்று அதில் பின்னால்கூட உட்கார மாட்டேன் என்பவர் மாப்பிள்ளை.

"கால்வாய்ப் பாலத்து இறக்கத்துல கால்மாட்டுல சிலிண்டரை வச்சுக்கிட்டு வருவேன்," என்றாள். "ஆக்சிலேட்டரைச் சுத்தமா விட்டா வண்டி தள்ளிக்கிட்டுப் போகும். கொஞ்சம் திருகி வச்சுக்கிட்டே பிரேக்கைத் தொட்டா அடங்கி வரும். இதுக்குப் போயி பொஸ்தகம் எழுதுனீகளா?"

அவளுக்கு இறக்கத்தில் எண்ணெய் மிச்சம் பிடிக்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மறக்க வேண்டியது எதுவும் அவள் விரலில் இல்லை.

ஆக்சிலேட்டர் லீவர் எது, பிரேக் எது என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மாப்பிள்ளை பின்னால் ஏறிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். வண்டி கிளம்பியது. மீதிச் சறுக்கு முழுவதும் எஞ்சின் ஒரே சுருதியில் உறுமியபடி, சாணி வண்டி போகிற வேகத்தில், ஒரு கல்லிலும் துள்ளாமல் கீழே போனது. வளைவில் நின்ற டிரைவர் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு மேலே என்னைப் பார்த்து, தன் இரண்டு கண்ணையும் விரலால் மூடிக் காட்டினார். யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

ஸ்டோர் வாசலில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். நான் போய்ச் சேரும்போது அவர்களில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏ ஆத்தா, மொதலாளிக்கு என்ன, மயக்கமா? கண்ணை இறுக்கி மூடிக்கிட்டே வந்தாக?"

மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அது துடைத்து முடிய வெகுநேரம் ஆனது.

தங்கை ஹெல்மெட்டைக் கழற்றி முகம் கழுவினாள். ஈரம் காயாத காய்களைக் கையில் அள்ளி மோந்து பார்த்தாள். விழுந்த சம்பவத்துக்குப் பிறகு அவள் அங்கே வருவது அன்றுதான் முதல் தடவை.

"தாள்ல நான் கண்ணை மூடுனாத்தான விக்கணும்?" என்றாள் என்னிடம். "அவுக மூடுனா விக்கணும்னு எழுதலையே?"

"எழுதல."

"அப்ப இருக்கட்டும் தோட்டம். வாரத்துக்கு ரெண்டு நாள் நான் இறக்கிக் கொண்டாந்து விடுறேன். தனியா இறங்குன சேதி காதுல விழுந்துச்சு, அன்னைக்கு வேற தாள் எழுதுவேன்."

மாப்பிள்ளை வரிசைக்குள் நடந்தார். மூன்றாவது தூரில் குனிந்து ஏதோ பார்த்தார். "பூ விட்டிருக்கு," என்றார், யாரையும் பார்க்காமல்.

அன்றிலிருந்து செவ்வாயும் சனியும் தங்கை ஓட்டுகிறாள். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை இப்போது எஞ்சின் பிரேக்கைப் பற்றி விளக்கம் சொல்கிறார். இறக்கத்தில் ஆக்சிலேட்டர் கொடுக்கத் தெரியாதவர்களைக் கண்டால் அவருக்கு வருத்தமாக இருக்கிறது. என் அறிக்கையின் நாலாம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு சேர்த்திருக்கிறேன். அந்தப் பேரிங் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க இதுவரை யாரும் வண்டியைத் திறக்கவில்லை. அதைத் திறந்தால் தெரிந்துவிடும்.

திறந்து பார்க்க முடியாதது வேறொன்று. மாப்பிள்ளையின் விரல் எடுபட்டபோது, பலா மரத்துக்கு வருமுன், தங்கை கண்ணை மூடினாளா? மூடியிருந்தால் அந்தத் தோட்டம் ஒப்பந்தப்படி அன்று காலையே விற்பனைக்கு வந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சாட்சியாக முடியாது. நான் முதுகுப் பக்கம் இருந்தேன். டிரைவர் மூடியதைப் பார்த்தேன் என்கிறார், ஆனால் கறுப்புக் கண்ணாடிக்குள் எப்படித் தெரிந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். தங்கையிடம் இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை, "மூடல" என்றாள். அடுத்த தடவை, "தூசி விழுந்துச்சுண்ணே" என்றாள். மூடிய ஹெல்மெட்டுக்குள் தூசி எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அவள் கண்ணை மூடினாளா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.